உழைப்பைச் சிலையாக்கிய ஓவிய ஆசிரியர்



சென்னைக்குப் போய்வந்தவர்கள் மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பார்கள். நான்கு ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரும் பாறையை நெம்பிப் புரட்டுகிறார்கள். அவர்கள் ராஜாக்களும் அல்லர், மந்திரிகளும் அல்லர். நம்மைப்போல் உடம்பை நம்பிப் பிழைத்தவர்கள். அவர்களைப் பீடத்தில் ஏற்றிவைத்தவர்தான் தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

இவர் தமிழர் அல்லர், வங்காளி. இன்று வங்காளதேசத்தில் இருக்கும் ரங்பூர்ப் பகுதியில் 1899-ல் பிறந்தார். அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றார். பிறகு மனம் சிற்பத்தில் இறங்கியது. மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல், கதை எழுதுவது என்று பலவற்றிலும் ஈடுபட்டவர். உடம்பைப் பழக்கியவர் ஆகையால், பாரத்தைத் தள்ளும்போது முதுகும் தொடையும் எப்படி முறுக்கேறும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

1850-ல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியை வெகுகாலம் வெள்ளைக்காரர்களே நடத்திவந்தார்கள். கைத்தொழிலுக்குத்தான் அங்கே முதலிடம். 1929-ல் ராய் சௌத்ரி அதன் தலைவரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர். மாதிரிப் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தால் போதும் என்பதை அவர் ஏற்கவில்லை. உயிருள்ள மனிதனைப் பார்த்து வரையச் சொன்னார். 1957 வரை ஏறத்தாழ முப்பது வருஷம் அங்கேயே இருந்தார்.

அவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கர், அவருக்குப் பின் அதே கல்லூரிக்கு முதல்வரானார். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியவரும் அவரே. இன்னொரு மாணவர், மயிலாப்பூர்க்காரரான தனபால். அவரும் சிற்பியாகி, பிற்காலத்தில் முதல்வர் பதவிக்கு வந்தார். ஒரு விளக்கில் பல விளக்கு ஏற்றுவது என்றால் இதுதானே!

1942 போராட்டத்தில் பாட்னாவில் கொடியேற்றப் போய்த் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஏழு மாணவர்களுக்கும் அவர் சிலை செய்தார். மெரினாவில் காந்தியடிகள் கைத்தடியோடு நடக்கும் சிலையும் அவர் கைவேலைதான். உழைப்பாளர் சிலை 1959-ல் நிறுவப்பட்டது. அதே கடற்கரையில்தான் 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். பொருத்தத்தைப் பாருங்கள்!

1954-ல் லலித் கலா அகாடமியின் முதல் தலைவர் பதவியும், 1958-ல் பத்ம பூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 1975-ல் அவர் மறைந்தார்.

பெற்றோர்களே, நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பிள்ளை படம் கிறுக்கினால், படிக்கிற நேரத்தில் என்ன விளையாட்டு என்று அதட்டுகிறோம். கொஞ்சம் நின்று அது என்ன படம் என்று பாருங்கள். காண்டா வாளி தூக்கிய தாத்தாவின் தோளாக இருக்கலாம், செம்பனைக் குலை அறுக்கும் அப்பாவின் கையாக இருக்கலாம். பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார் யாரும் பீடத்தில் ஏறவில்லை. அவர்களை ஏற்றிவைக்கப் போகிற கை, இன்று பரிசு வாங்கும் பிள்ளையின் கையாக இருக்கலாம். பரிசு வாங்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம்.