நிக்கல்ஸன் ஆராய்ந்த கடன் வழி

அல்லிநகரத்திலும் அதை அடுத்த தேனியிலும் வாடகை கொடாமல் அயலார் வீட்டில் குடியிருப்போர் அநேகர். ஒத்தி என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். வீட்டுக்காரர் ஒரு பெருந்தொகையை வாங்கிக்கொண்டு வீட்டை ஒப்படைக்கிறார். பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை. தவணை தீர்ந்ததும் தொகை ஒரு பக்கமும் சாவி மறுபக்கமும் திரும்புகின்றன. பாங்கியின் வாசற்படியை மிதியாமலே ஒருவருக்குக் கடனும் மற்றவருக்குக் குடியிருப்பும் கிட்டிவிடுகின்றன. நம் முன்னோர் வகுத்த இம்முறையை நாம் இகழமாட்டோம். ஆனால் நூறு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான ஒத்தியைப் பதிவு செய்தாகவேண்டும் என்பது 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் விதி. வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு முடிப்பவர்களோ பலர். அதே வீடு முன்னமே ஒரு பாங்கியில் அடமானமாகி இருந்து தவணையும் தவறினால், நியாயஸ்தலத்தின் உத்தரவுக்குக் காத்திராமலே வீட்டைக் கைப்பற்றி ஏலத்தில் விட 2002ஆம் வருஷத்துச் சட்டம் பாங்கிகளுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆயுட்காலச் சேமிப்பை ஒத்திக்குக் கொடுத்தவரின் கதி அப்போது என்ன?

எதை ஈடு வைத்து ஏழை கடன் பெறுவது என்னும் இந்த வினாவை நம் ராஜதானியில் முதன்முதல் ஆழ்ந்து ஆராய்ந்தவர் ஸர் பிரெடெரிக் நிக்கல்ஸன். அந்நிய ஆட்சியின் உத்தியோகஸ்தர்களைப் புகழ்ந்தெழுதுவது நமக்குப் பழக்கமன்று. வரியைப் பணமாகக் கட்டு என்று நெருக்கி, குடியானவனை லேவாதேவிக்காரன் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பி வைத்த ஆட்சி அது. ஆயினும் உழைத்தவருக்கு உரிய மதிப்பைக் கொடுக்க மறுப்பது நேர்மையாகாது.

1846-ல் பிறந்த நிக்கல்ஸன் 1869-ல் சிவில் உத்தியோகத்தில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். அவர் வந்த சில ஆண்டுகளிலேயே, 1876 முதல் 1878 வரை, பெரும் பஞ்சம் இந்நாட்டைச் சூறையாடியது. கோயமுத்தூர் ஜில்லாவைப் பற்றி அவர் தொகுத்த பெருநூல் 1887-ல் வெளியாயிற்று. மண், கிணறு, பயிர், தீர்வை என ஒன்றையும் விடாமல் தேடி எழுதிய கை அது.

1892-ல் சென்னைச் சர்க்கார் அவருக்கு ஒரு தனி வேலையைக் கொடுத்தனர். ஐரோப்பாவில் நிலபாங்கிகளும் விவசாய பாங்கிகளும் நடைபெறும் விதத்தை ஆராய்ந்து, நம் நாட்டுக்கு ஏற்றது எது என்று சொல்லவேண்டும் என்பதே அது. அவருடைய அறிக்கையின் முதற்பாகம் 1895-லும் இரண்டாம் பாகம் 1897-லும் வெளிவந்தன. அதே 1895ஆம் வருஷம் அக்டோபர் 10ஆம் தேதியன்று பெரியாறு அணையைக் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார் என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கின் நேயர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. நீர் வந்தது. நிலத்தின் விலை ஏறிற்று. நிலத்தின் விலை ஏறுமிடத்தில் அதன்மேல் கடன் கொடுப்போரும் பெருகுவர். விதைக்கும் மாட்டுக்கும் வீட்டுக்கும் நியாயமான வட்டியில் பணம் கிடைக்கும் வழி மட்டும் அணையோடு கூட வரவில்லை.

நிக்கல்ஸன் லேவாதேவிக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசவில்லை. வேறு வழி ஏற்படும் வரையில் கிராமம் அவரின்றி நடவாது என்பதை அவர் கண்டார். நம்மவரே நடத்திவந்த நிதிகளையும் அவர் கூர்ந்து நோக்கினார். இங்கிலாந்தில் வீடு கட்டுவதற்காக ஏற்பட்ட சங்கங்களின் மாதிரியில் தோன்றியவை நம் நிதிகள். அங்கத்தினர் மாதந்தோறும் சிறு சந்தா கட்டுவர். வீட்டையோ நிலத்தையோ நகையையோ ஈடு வைத்துக் கடன் பெறுவர். 1872-ல் ஏற்பட்ட மயிலாப்பூர் ஹிந்து பெர்மனெண்ட் பண்டு இவ்வகையில் பெயர் பெற்றது. பாங்கி நடத்த நமக்குத் தெரியாது என்று பரிகசித்த வெள்ளையருக்கு இந்த நிதிகளே தக்க பதில். ஆனால் அவற்றால் பயனடைந்தவர்கள் பெரும்பாலும் நகரவாசிகளும் சம்பளக்காரருமே. ஓலைக் கூரையின்கீழ் வாழ்பவனிடம் ஈடு வைக்கப் பத்திரமேது?

இதற்கு விடை ஜெர்மனியில் அவருக்குக் கிடைத்தது. ராய்பைசன் என்னும் சிற்றூர்த் தலைவர், 1846-47ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் தம் ஊராருக்கு ரொட்டி கிடைக்கச் சங்கம் கூட்டியவர். பின்னர் 1864-ல் கடன் சங்கம் நிறுவியவர். ஒரு சிறு எல்லைக்குள் ஒருவரையொருவர் அறிந்தவர்களே அங்கத்தினர்; ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு; நிர்வாகிகளுக்குச் சம்பளமில்லை. பத்திரத்துக்குப் பதிலாக மனிதனின் நாணயமே அங்கே ஈடு. நிலமுடையவனுக்கு நிலபாங்கி உதவும், நிலமில்லாதவனுக்கும் உதவக்கூடியது இச்சங்கமே என்று நிக்கல்ஸன் துணிந்தார். சட்டத்தைத் தேடுவதற்கு முன் அத்தகைய மனிதரைத் தேடுங்கள் என்பதே அவருடைய பெரிய அறிக்கையின் சாரம்.

சர்க்கார் என்ன செய்தனர்? சில வருஷம் ஒன்றும் செய்யவில்லை. மீண்டும் பஞ்சம் வந்தது. 1901ஆம் வருஷத்துப் பஞ்சக் கமிஷனில் நிக்கல்ஸனும் ஓர் அங்கத்தினர். எட்வர்ட் லா தலைமையில் கூடிய கமிட்டியிலும் அவர் இருந்தார். முடிவில் 1904-ல் ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே திருவள்ளூரை அடுத்த திரூரிலும் பெரிய காஞ்சிபுரத்திலும் சங்கங்கள் எழுந்தன. வீடு கட்டும் சங்கங்களுக்கு வழி திறந்தது 1912ஆம் வருஷத்துச் சட்டம். சென்னையின் மத்திய நில அடமான பாங்கி 1929-ல் தோன்றியது.

இவ்வளவும் நன்றே. எனினும் ஊரார் கூடிக் கீழிருந்து கட்டவேண்டியது என்று நிக்கல்ஸன் கருதியதை, ரிஜிஸ்திராரின் மேஜையிலிருந்து ஆட்சியாளர் நடத்தினர். சுயராஜ்யம் வந்த பின்னும் அந்தப் பழக்கம் அடியோடு ஒழிந்ததா? நம் மாநிலத்துச் சங்கங்களில் 1976-ல் கலைந்த நிர்வாக சபைகளுக்கு 1996 வரையில் தேர்தலே இல்லை; தனி அதிகாரிகளே ஆண்டனர்.

வீட்டுக்குக் கடன் தரும் ஸ்தாபனங்கள் பின்னர்ப் பெருகின. மத்திய சர்க்காரின் ஹட்கோ 1970-லும், பம்பாயில் எச்.டி.எப்.சி. 1977-லும், தேசீய வீட்டுவசதி பாங்கி 1988-லும் ஏற்பட்டன. மாதச் சம்பளச் சீட்டு, மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அங்கீகாரம் பெற்ற வரைபடம் இவை உடையவர் அவற்றால் வீடு கட்டிக்கொண்டனர். அதை நாம் மறுக்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப்பிலேறி ஏலமலைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலிப்பெண்ணிடம் சம்பளச் சீட்டு இல்லை. தேனிச் சந்தையில் மூட்டை தூக்குபவரிடம் புறம்போக்கில் ஒரு குடிசை இருக்கலாம், பட்டா இராது. அவர்கள் வேலையில் தவறாதவர்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பவர்கள் என்பதை அடுத்த வீட்டார் அறிவர், பாங்கி அறியாது. அந்த அறிவைத்தான் நிக்கல்ஸன் மூலதனம் என்று மதித்தார்.

1904-ல் உத்தியோகத்தை விட்ட பிறகும் அவர் ஓய்வெடுக்கவில்லை. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் சென்று மீன்பிடி தொழிலைக் கற்றுவந்து, சென்னை ராஜதானியின் மீன் இலாகாவை ஆரம்பித்து வைத்தார். வலையையும் படகையும் அடகு வைத்து வாழும் மீனவரிடத்திலும் அவர் கண்டது பழைய நோயையே. 1914-ல் கள்ளிக்கோட்டையில் சோப்புத் தொழிற்சாலை ஒன்று அவர் முயற்சியால் எழுந்தது. 1936-ல் அவர் காலமானார். தஞ்சாவூரில் ஒரு நகரக் கூட்டுறவு பாங்கிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.