கள்ள ஓட்டுக்கு மை வைத்த சுகுமார் சென்

ஓட்டுப் போட்டதும் விரலில் மை வைக்கிறார்கள் அல்லவா? அந்த மை சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலிலேயே வந்துவிட்டது. அந்தத் தேர்தலை நடத்தியவர் சுகுமார் சென் என்ற வங்காளி. நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர் அவர்தான்.

கல்கத்தாவிலும் லண்டனிலும் படித்தவர். கணக்கில் தங்கப் பதக்கம் பெற்றவர். ஐ.சி.எஸ். தேறி சர்க்கார் வேலையில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து மேற்கு வங்காளத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். 1950 மார்ச் மாதம் டெல்லிக்கு அழைக்கப்பட்டார்.

தேர்தலைச் சீக்கிரம் நடத்திவிட வேண்டும் என்பது பிரதமர் நேருவின் ஆசை. சென் அவசரப்படவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கணக்கு தெரிந்தவர் அல்லவா? ஓட்டர்கள் 17 கோடிக்கு மேல். அவர்களில் 100-க்கு 80 பேருக்கும் அதிகமானோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

இரும்புப் பெட்டி

பெயரைப் படிக்க முடியாதவர் எப்படி ஓட்டுப் போடுவது? வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னம், ஒரு தனிப் பெட்டி. மறைவுக்குள் போய், தனக்குப் பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். இதற்காக 20 லட்சம் இரும்புப் பெட்டிகள் செய்தார்கள். 8,200 டன் இரும்பு செலவாயிற்று.

ஒருவரே இரண்டு தடவை வந்தால்? ஒருவர் பெயரில் இன்னொருவர் வந்தால்? அதற்குத்தான் மை. நம் நாட்டு விஞ்ஞானிகள் தயாரித்தது. வெள்ளி உப்பு கலந்தது. வெயில் பட்டால் கறுக்கும்; சோப்புப் போட்டாலும் போகாது. சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் புட்டிகள் செலவாயின.

28 லட்சம் பெண்கள்

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம் ஓட்டர் பட்டியலில் வந்தது. வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதச் சொன்னார்கள். அந்நியரிடம் பெயர் சொல்லுவது அங்கே வழக்கம் இல்லை.

சென் இதை ஏற்கவில்லை. பெயர் இல்லாத பதிவை வைத்துக்கொண்டு வந்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ராமனுடைய மனைவி என்று முக்காடு போட்டுக்கொண்டு யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாமே! சொந்தப் பெயரைக் கேட்டு எழுதும்படி உத்தரவு போட்டார். பீகாருக்கு ஒரு மாதம் கூடுதல் தவணையும் கொடுத்துப் பார்த்தார். அப்படியும் சுமார் 28 லட்சம் பெண்கள் பெயர் சொல்லவில்லை. அத்தனை பேரும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

கள்ள ஓட்டைத் தடுக்கப் போய் நல்ல ஓட்டும் போய்விட்டது. அந்தப் பெண்கள் செய்த குற்றம் என்ன? நமக்கு மனம் ஒப்பவில்லைதான். இதனால் கூச்சல் கிளம்பும், அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பழக்கம் மாறும் என்பது சென்னின் எண்ணம். 1957 தேர்தலில் நிலைமை பெரிதும் சீர்பட்டது உண்மையே. ஆனால் முதல் தேர்தல் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

மடியில் போன சீட்டு

சென்னின் திட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. சீட்டில் முத்திரை குத்தும் வேலை கிடையாது. ஆகவே மறைவுக்குள் போனவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து விற்றுவிடலாம். வாங்கியவர் பல சீட்டுகளைச் சேர்த்துத் தம் ஆளிடம் கொடுத்து, தமக்கு வேண்டிய பெட்டியில் போடச் செய்யலாம்! மை இருந்தும் இதைத் தடுக்க முடியவில்லை. சென்னுக்குப் பின் வந்த கே.வி.கே. சுந்தரம் காலத்தில் எல்லாச் சின்னங்களையும் ஒரே சீட்டில் அச்சடித்து முத்திரை குத்தும் முறை வந்தது. 1962 பொதுத் தேர்தலில் அதுவே வழக்கம் ஆயிற்று.

சென்னின் பெயர் கடல் கடந்தும் போயிற்று. 1953-ல் சூடான் நாட்டுத் தேர்தலையும் அவர் தலைமையில் நடத்தினார்கள். 1958 டிசம்பரில் பதவியிலிருந்து விலகினார். பர்த்வான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தார். 1960-களின் தொடக்கத்தில் காலமானார்.

ஓட்டு இயந்திரத்தை அவர் பார்க்கவில்லை. அது 1982-ல் கேரளத்தின் பரூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாக வந்தது. சட்டத்தில் இடம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு அந்த ஓட்டுகளை ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு சட்டம் திருத்தப்பட்டது. 2004-ல் பாராளுமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்திலேயே நடந்தது.

சீட்டைப் பெட்டியில் போடுகிறவருக்கு அது உள்ளே விழுவது கண்ணுக்குத் தெரியும். பொத்தானை அழுத்துகிறவருக்கு? இந்தச் சந்தேகம் வலுத்தது. அதன் பேரில் 2013-ல் காகிதச் சீட்டுக் கருவியைச் சேர்த்தார்கள். ஓட்டுப் போட்ட சின்னம் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிகிறது. பிறகு சீட்டு மூடிய பெட்டிக்குள் விழுகிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி, ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணி இயந்திரத்தின் கணக்கோடு ஒத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.