பட்டத்தை மறுத்த இசைஞர்: வால்டர் காஃப்மன்

அகில இந்திய வானொலியின் தொடக்க இசையைக் கேளாத தமிழ்ச் செவி ஒரு காலத்தில் இல்லை எனலாம். 1938 ஜூன் 16-இல் சென்னை நிலையமும் 1939 மே 16-இல் திருச்சி நிலையமும் தோன்றின. வானொலி பரவிய பின்வந்த ஆண்டுகளில், விழுப்புரத்துத் தேநீர்க் கடைகளிலும் திண்டிவனத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பொழுது அந்த இசையோடுதான் புலர்ந்தது. தம்புராவின் சுருதிமீது வயலின் எழுந்து தவழும் அச்சிறு மெட்டில் சிவரஞ்சனியின் சாயல் உண்டு. எனவே அதனைத் தம் மண்ணின் இசையாகவே மக்கள் கேட்டனர். அதனை யாத்தவர் யார் என்பதில் ஜான் ஃபோல்ட்ஸ், டாக்கூர் பல்வந்த் சிங் ஆகியோர் பெயர்களும் சொல்லப்படுவதுண்டு. ஆயினும் பெரும்பாலோர் ஏற்றுக் கூறும் பெயர், தாயகத்தில் வாழ வழியின்றி இந்தியா வந்து சேர்ந்த யூத இசைஞர் வால்டர் காஃப்மன் என்பதே.

காஃப்மன் 1907 ஏப்ரல் 1-ஆம் நாள் பொகீமியாவில் உள்ள கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்தார். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற அந்நகர் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. இன்று கார்லோவி வாரி என்னும் பெயரோடு செக் நாட்டில் உள்ளது. பெர்லின் இசைக் கல்லூரியில் பிரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையாக்கமும், கர்ட் சாக்ஸிடம் இசையியலும் பயின்றார். உலக இசைக்கருவிகளை எல்லாம் அவற்றின் ஒலி பிறக்கும் முறையால் வகைப்படுத்திய இருவருள் சாக்ஸ் ஒருவர். தோல், துளை, நரம்பு, கஞ்சம் எனக் கருவிகளைப் பகுத்த நம் மரபோடு ஒப்புநோக்கத் தக்கது அவருடைய பணி. இவ்வாசிரியர் இருவரையும் யூதக் குருதியின் பெயரால் புதிய அரசு 1933-இல் பதவிகளினின்று நீக்கியது. மறு ஆண்டே ஷ்ரேக்கர் மறைந்தார்.

பெர்லினை விட்டுப் பிராகு நகர்க்குச் சென்ற காஃப்மன், அங்கிருந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு ஆய்ந்தார். குஸ்தாவ் மாலரின் இசையே அவர்தம் ஆய்வுப் பொருள். மாலரும் பொகீமிய யூதக் குடியில் பிறந்தவரே. அவருடைய முதல் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் சாவு ஊர்வலத்தின் நடையும் யூதர்தம் தெருவிசைக் குழுக்களின் துள்ளலும் கலந்து ஒலிப்பதாக இசையறிஞர் பலர் கருதுவர். சாவுக்கும் திருவிழாவுக்கும் ஒரே பறையை முழக்கும் தமிழ் மக்களுக்கு அக்கலப்பு விளங்காத ஒன்றன்று.

ஆய்வேடு முடிந்தது. பட்டம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அந்நிலையில், ஆய்வை நெறிப்படுத்திய பேராசிரியர் குஸ்தாவ் பெக்கிங் நாஜி இளைஞர் அமைப்பொன்றின் தலைவர் என்பதைக் காஃப்மன் அறிந்தார். யூத இசைஞர் ஒருவரைப் பற்றி யூத மாணவர் ஒருவர் எழுதிய ஆய்வுக்கு, யூதரை ஒழிக்கப் புறப்பட்ட இயக்கத்தின் கை ஒப்பமிட வேண்டியிருந்தது. காஃப்மன் அப்பட்டத்தை ஏற்க மறுத்தார். பல ஆண்டு உழைப்பின் பயனை ஒரு நொடியில் விலக்கிய அச்செயலுக்கு அன்று கைதட்டியோர் எவருமில்லை. தொழில் வாழ்வில் அதனால் வரக்கூடிய இழப்பை அவர் அறியாதவரும் அல்லர்.

1934 பிப்ரவரியில் அவர் பம்பாய் வந்து இறங்கினார். நுழைவு இசைவு எளிதாகக் கிடைத்ததே இந்நாட்டைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். முதலில் கேட்ட இந்திய இசைத் தட்டுகள் அவருக்குப் புரியவில்லை, இனிக்கவுமில்லை. ஐரோப்பியர் பலர் அவ்விடத்திலேயே நின்று, இவ்விசையில் ஒத்திசை இல்லை, ஒழுங்கு இல்லை என்று தீர்ப்பெழுதிச் சென்றனர். காஃப்மன் வேறு வகையாக எண்ணினார். அறிவும் உள்ளமும் உடைய மக்கள் படைத்து, கோடிக்கணக்கானோர் விரும்பிக் கேட்கும் ஓர் இசை தமக்கு எட்டவில்லையெனில், குறை தம் செவியில்தான் இருத்தல் வேண்டும் எனத் தெளிந்தார். அவ்விசை பிறக்கும் இடத்திலேயே தங்கிக் கற்பதென்று முடிவு செய்தார். சிறிது காலம் தங்க வந்தவர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார்.

வந்த சில மாதங்களிலேயே பம்பாய் அறையிசைச் சங்கத்தை நிறுவினார். வில்லிங்டன் ஜிம்கானாவில் வியாழன்தோறும் கச்சேரி நடந்தது. காஃப்மன் பியானோ வாசிக்க, மெஹ்லி மேத்தா வயலினும் எடிஜியோ வெர்கா செல்லோவும் வாசித்தனர். செல்லோ, வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெருங்கருவி. வாசிப்பவர் அமர்ந்து, முழங்கால்களுக்கு இடையே அதனை நிறுத்தி வில்லிடுவார். பெண்குரலாய் உயர்ந்து செல்லும் வயலினுக்குக் கீழே, முதிர்ந்த ஆண்குரல்போல அது ஆழ்ந்து ஒலிக்கும். பாலுசாமி தீட்சிதர் காலம் முதல் வயலின் நம் இசைக்கு உறவாகிவிட்டது. செல்லோவோ நம் மேடைகளுக்கு இன்றும் விருந்தாளியே. யூதர், பார்சி, இத்தாலியர் என மூவர் ஒரே தாளத்தில் கூடி வாசித்த அவ்வாண்டுகளில்தான் ஐரோப்பா மனிதரைக் குருதியால் பிரித்துக்கொண்டிருந்தது. 1937 மே மாதத்திற்குள் அச்சங்கம் 136 கச்சேரிகளை நடத்தியிருந்தது. அவ்வயலின் கலைஞரின் மகனே பிற்காலத்தில் இஸ்ரேல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைப் பல்லாண்டு நடத்திய ஜுபின் மேத்தா.

1937 முதல் 1946 வரை காஃப்மன் பம்பாய் வானொலியில் மேலையிசைப் பிரிவின் பொறுப்பேற்றுப் பணியாற்றினார். ‘அனசூயா’ என்னும் வானொலி இசை நாடகத்தை இயற்றினார். மோகன் பவ்நானியின் திரைப்படங்களுக்கு இசை வழங்கினார். நால்வர் வாசிக்கும் நரம்பிசைக் கோவைகள் பலவற்றில் இந்திய இராகங்களின் சாயலை ஐரோப்பிய வடிவத்துக்குள் கொணர்ந்தார்.

இலக்கியம் பயில்வோர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. காஃப்மன் மணந்த கெர்ட்டி, தமிழ்ச் சிற்றிதழ் வாசகர் நன்கறிந்த எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவின் உடன்பிறந்தாள் மகள். பிராகில் தங்கிவிட்ட காஃப்காவின் தங்கையர் மூவரும் நாஜிகளின் கொலைக்கு இரையாயினர். கெர்ட்டியின் தாய் எல்லியும் அம்மூவருள் ஒருவர். காஃப்மனின் நண்பரும் ஜெர்மன் இலக்கிய இதழாசிரியருமான வில்லி ஹாஸ் 1939-இல் இந்தியா வந்து உயிர் தப்பினார். காஃப்கா மிலேனாவுக்கு எழுதிய கடிதங்களை 1952-இல் பதிப்பித்தவர் அவரே. புகலிடம் என்பது உயிரோடு நில்லாது, ஏடுகளையும் இசைத் தாள்களையும் காக்க வல்லது என்பதற்கு இவர்கள் வாழ்வு சான்று.

1946-இல் இங்கிலாந்து சென்ற காஃப்மன், மறு ஆண்டு கனடாவை அடைந்தார். 1948 முதல் 1957 வரை வின்னிபெக் சிம்பொனி இசைக்குழுவை நடத்தினார். பின்னர் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இசையியல் கற்பித்தார். முனைவர் பட்டத்தை மறுத்தவரிடம் ஆய்வு முறையைக் கற்க மாணவர் வந்தனர். வட இந்திய இராகங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1968-இலும், தென்னிந்திய இராகங்களைப் பற்றிய நூல் 1976-இலும் வெளிவந்தன. வேங்கடமகி தஞ்சையில் வகுத்த 72 மேளகர்த்தா முறையைக் கொண்டு நம் இராகங்களின் ஆரோகண அவரோகணங்களை வரிசைப்படுத்திய தொகுப்பு அது. ஒரு காலத்தில் தமக்குப் புரியாதிருந்த இசைக்கு, அறுபதாம் அகவைக்குப் பின்னும் அமர்ந்து அட்டவணை எழுதிய பொறுமை அந்நூலின் பக்கந்தோறும் தெரிகிறது.

1984 செப்டம்பர் 9-ஆம் நாள் புளூமிங்டன் நகரில் காஃப்மன் மறைந்தார். இசையுலகம் அவரை நெடுநாள் மறந்திருந்தது. நாடிழந்த இசைஞர்களின் படைப்புகளைத் தேடி மீட்கும் டொரன்டோ நகரின் ஏ.ஆர்.சி. குழுவினர், 2020-இல் அவருடைய அறையிசையை ஒலிப்பதிவாக வெளியிட்டனர். பம்பாயில் மெஹ்லி மேத்தாவும் வெர்காவும் வில்லேந்திய காஃப்மனின் இசை, வேறு கைகளில் வயலினாகவும் செல்லோவாகவும் மீண்டும் ஒலித்தது.

பெயர் மறைந்தும் படைப்பு நிற்பதை நம் தொகை நூல்களின் பெயரறியாப் புலவர் வழி நாம் முன்பே அறிவோம். ஆனால் காஃப்மனிடமிருந்து பாவலர் கொள்ளத்தக்கது அதனினும் வேறானது. விளங்காத ஒன்றின்முன் செவியைத் திருத்திக்கொள்ளக் காத்திருந்த அவர், விளங்கிவிட்ட தீமையின்முன் ஒரு கணமும் காத்திருக்கவில்லை. அவ்விரண்டும் ஒரே மனத்தின் நேர்மையிலிருந்து பிறந்தவை.