இருமுறை சிறைப்பட்ட தளபதி

சிவகாசி அச்சகங்கள் நாடெங்கும் அனுப்பும் காலண்டர்களில் நேதாஜியின் படைச்சீருடைத் தோற்றம் எத்தனையோ முறை இடம்பெற்றிருக்கிறது. அவரருகில் நின்ற தளபதிகளின் முகங்களை அத்தாள்களில் காண்பது அரிது. அத்தளபதிகளுள் ஒருவர் ஷா நவாஸ் கான். போர்க்கைதியாய் வாழ்ந்து, பின்னாளில் போரில் காணாமற்போன தம் தலைவரைத் தேடும் பொறுப்பையும் சுமந்தவர் அவர்.

அன்னார் 1914ஆம் ஆண்டு ராவல்பிண்டி மாவட்டத்துச் சிற்றூரான மட்டூரில், படைத்தொழிலையே மரபாகக் கொண்ட முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். டேராடூனில் பயிற்சி பெற்று, 14ஆம் பஞ்சாப் படைப்பிரிவில் அதிகாரியானார். அவர் சிங்கப்பூர் சேர்ந்த சில வாரங்களிலேயே, 1942 பிப்ரவரி 15இல், அந்நகர் வீழ்ந்தது. இரு நாள்கள் கழித்து ஃபாரர் பூங்காவில் ஏறத்தாழ 45,000 இந்திய வீரர்களை ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் ஒப்படைத்தனர். அவருள் ஒருவராய் நின்றவர் ஷா நவாஸ்.

பலரும் எண்ணுவதுபோல் அவர் உடனே இந்திய தேசிய இராணுவத்தில் பாய்ந்து சேர்ந்தவரல்லர். மன்னருக்குச் செய்த படைச்சத்தியம் ஒருபுறமும் நாட்டுப்பற்று மறுபுறமும் அவரை ஈர்த்தன. தொடக்கத்தில் அம்முயற்சியை எதிர்த்தவர், நீசூன் முகாமில் கைதிகளின் நலன் காக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். இத்தயக்கமே அவரது பிற்கால உறுதிக்கு மதிப்பளிக்கிறது என்பது எம் கருத்து. 1943இல் நேதாஜி வந்தபின் அவர் மனம் முழுமையாகத் தெளிந்தது.

சுபாஷ் படைப்பிரிவுக்குத் தலைமையேற்று அவர் பர்மாவின் சின் மலைகளுக்குச் சென்றார். உணவில்லை, மருந்தில்லை, மலேரியாவோ நீங்கவில்லை. மலேயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் பலரும் அந்த இராணுவத்தில் துப்பாக்கி ஏந்தினர். 1945 மே மாதம் பெகு அருகே ஷா நவாஸ் மீண்டும் கைதியானார். இம்முறை அவரைச் சிறைப்பிடித்தது, அவர் முன்பு பணியாற்றிய அதே ஆங்கிலேய இந்தியப் படை!

செங்கோட்டை வழக்கு 1945 நவம்பர் 5இல் தொடங்கியது. ஷா நவாஸ், சேகல், தில்லான் என முஸ்லிம், இந்து, சீக்கியர் மூவர் ஒரே கூண்டில் நின்றனர். புலாபாய் தேசாய் வாதாடினார். ஆயுள் முழுதும் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. எனினும் மக்கள் கொந்தளிப்பின்முன் 1946 சனவரியில் படைத்தலைவர் ஆக்கின்லெக் அதனைத் தள்ளுபடி செய்தார். பதவி பறிப்பு மட்டும் நிலைத்தது. பிரிவினையில் பிறந்த மண் பாகிஸ்தானுக்குச் சென்றபோதும் அவர் இந்தியாவையே தேர்ந்தார். 1952இல் மீரட் பகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

விடுதலைக்குப் பின்னும் அவருடைய தோழர்கள் படையில் மீளச் சேர்க்கப்படவில்லை. இது நாடு அவர்களுக்கு வைத்த கடன் என்றே சொல்லவேண்டும்.

1956இல் நேதாஜியின் மறைவை ஆராயும் மூவர் குழுவுக்கு நேரு அரசு அவரைத் தலைவராக்கியது. நம் மாவட்டத்தோடு அவர் வாழ்வு தொடுமிடம் இதுவே. 1957இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், 1962இல் அருப்புக்கோட்டையிலும் மக்களவைக்கு வென்ற முத்துராமலிங்கத் தேவர், நேதாஜி இறக்கவில்லை என்பதில் உறுதியாயிருந்தார். குழுவின்முன் தோன்றியபோதும் அந்நிலையிலிருந்து அவர் இறங்கவில்லை. ஒரே தலைவரை நேசித்த இருவர் எதிரெதிரே நின்றனர். குழு பாங்காக், சைகோன், டோக்கியோ எனப் பல நகரங்களில் சான்று திரட்டியது. தைவானுக்கு மட்டும் செல்லவில்லை. 1945 ஆகஸ்டு 18இல் தைஹோகு விமான விபத்தில் நேதாஜி மறைந்தார் எனப் பெரும்பான்மையர் முடிவு செய்ய, உறுப்பினரும் நேதாஜியின் தமையனாருமான சுரேஷ் சந்திர போஸ் உடன்பட மறுத்தார். அந்த முடிவை எழுதிய கரம் தம் தளபதியின் மறைவைத் தானே உறுதிசெய்ய நேர்ந்த கரம் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

நேதாஜியின் படையில் சேர மறுத்த கைதிகளுள் ஆயிரக்கணக்கானோர் நியூகினிக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பசியாலும் நோயாலும் மாண்டனர். அவர்களும் நம்மவரே. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகச் சுவர்களில் கல்லறையறியா வீரர் 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியப் பெயர்கள் ஏராளம்.

ஷா நவாஸ் கான் 1983இல் காலமானார். நேதாஜி பற்றிய அவரது முடிவை 1974இல் கோஸ்லா ஆணையம் ஏற்றது. 2005இல் முகர்ஜி ஆணையம் மறுத்தது. அம்மறுப்பை அரசு ஏற்கவில்லை.