கணக்கறிந்து வாழ்ந்த குமரப்பா

மஞ்சக்குட்டை போன்ற மலையூரில் எறியும் குப்பை எறிந்த இடத்தில் நில்லாது. மழைநீரோடு இறங்கி ஓடையைச் சேர்ந்து அங்குள்ள சிற்றுயிர்கட்கும் தீங்காகும். இதனை எண்ணுந்தோறும் ஜே.சி. குமரப்பாவின் வாழ்வு நம் நினைவில் எழுகின்றது.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இலண்டனில் கணக்காயர் கல்வி பெற்றுப் பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவில் பொருளியல் பயின்றார். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் மேனாட்டு உடையைத் துறந்து கதர் பூண்டார்.

1934இல் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளரானார். கந்தலும் கழிவுத்தாளும் அங்கே கைத்தாளாயின. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு உருவாயிற்று. எடுக்க எடுக்கக் குறையும் பொருளைவிட ஆண்டுதோறும் விளையும் பொருளே நிலைத்த செல்வம். மண் தந்ததை மண்ணுக்கே எருவாய்த் திருப்பித் தரவேண்டும் என்பது அக்கணக்காயர் போட்ட கணக்கு. இதனை விளக்கும் நூலைச் சிறையிலிருந்தே எழுதினார். அதற்குக் காந்தியடிகள் 1945இல் முன்னுரை அளித்தார்.

இறுதிக் காலத்தைக் கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் எளிமையாய்க் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார்.

அவர் நம் சமயத்தவர் அல்லர்; எனினும் மிகுபொருள் விரும்பாமையை வாழ்ந்து காட்டினார். நம் பாட்டிமார் இல்லங்களிலும் கிழிந்த சேலை பிடிதுணியாயிற்று, காய்த்தோல் எருவாயிற்று. விரதம் காக்கும் நாமோ இன்று விருந்து முடிந்ததும் நெகிழிக் குவளைகளைக் கூடை கூடையாய்க் கொட்டுகின்றோம். எறியுமுன் அவரது கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போமாக.