திருமகளுக்குச் சேலை உடுத்தியவர்

நெய்வேலி நகரியத்தில் நவராத்திரி என்றால் வட்டத்திற்கு வட்டம் கொலுதான். நிலக்கரிச் சுரங்கப் பணியின் பொருட்டுப் பல மாநிலத்தாரும் குடியேறிய ஊர் இது. தாம்பூலம் வாங்க வரும் பெண்களின் சேலைக்கட்டு வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆனால் பூசையறைப் படங்களில் திருமகள் மட்டும் ஒரே விதமாக, ரவிக்கை அணிந்து, முந்தானையைத் தோளில் விட்டு நிற்பாள்.

கிராமத்திலிருந்து வந்த என் பாட்டி பின்கொசுவம் வைத்துக் கட்டுவார், ரவிக்கை அணிந்ததில்லை. அதைக் கண்டு சிலர் நகைத்தபின் அவர் கொலு பார்க்க வெளியே வரவேயில்லை. தெய்வத்தின் உடையை வகுத்தவர் யார் என்ற கேள்வி அன்று என்னுள் எழுந்தது. கல்லூரிக்கு வந்த பின்னரே, ராஜா ரவி வர்மாவின் வரலாற்றில் விடை கண்டேன்.

ரவி வர்மா 1848-இல் திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தார். மாமனிடம் ஓவியம் கற்றவர், ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவில் திருவனந்தபுரம் சேர்ந்தார். எண்ணெய் வண்ணத்தின் நுட்பம் அறிந்த மதுரை ராமசாமி நாயக்கர் அதைக் கற்பிக்க மறுத்தார். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளையே மறைவாக உதவினார். 1873-இல் சென்னைக் கண்காட்சியிலும் வியன்னாக் கண்காட்சியிலும் பரிசு பெற்றபோது ரவி வர்மாவுக்கு வயது இருபத்தைந்து.

பரோடா மன்னர் சாயாஜி ராவ் புராண ஓவியங்கள் பதினான்கு வரையப் பணித்தார். தமயந்திக்கும் சகுந்தலைக்கும் என்ன உடை தருவது? சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் இடைக்கு மேலே பெரும்பாலும் அணிகலன்களே உண்டு. பாரதம் முழுவதற்கும் பொதுவான உடையைத் தேடி, தம்பி ராஜ ராஜ வர்மாவுடன் வட இந்தியா எங்கும் சுற்றினார். ஊருக்கு ஓர் உடை இருக்கக் கண்டு, இறுதியில் சேலையைத் தேர்ந்தார்.

கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ், ஓவியங்களை அச்சிட்டுப் பரப்புமாறு யோசனை கூறியிருந்தார். 1894-இல் பம்பாயில் ரவி வர்மா அச்சகம் தோன்றியது. திருமகளும் கலைமகளும் மலிவான தாள்களில் வீடுதோறும் புகுந்தனர். ஆலயத்துள் நுழைய இடமற்றிருந்த மக்களின் குடிசைச் சுவரிலும் தெய்வம் வந்து நின்றது. இது சிறிய காரியமன்று. ஆயினும் கடன் பெருகி, அச்சகம் கைமாறியது. 1905-இல் தம்பியை இழந்த ரவி வர்மா, மறு ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் மறைந்தார். அவர் காட்டிய வழியிலேயே கோவில்பட்டி கொண்டைய ராஜு முதலானோரின் நாட்காட்டித் தெய்வங்களும் பிறந்தன.

அச்சுப்படம் ஒரே உடையைத்தான் பரப்பியது. ஆனால் ரவி வர்மாவின் உள்ளம் அத்துடன் அடங்கியதன்று. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள அவருடைய ஓவியம் ஒன்றில் இசைவாணியர் பதினொருவர் கூடியிருக்கின்றனர். நாயர் பெண், முஸ்லிம் பெண், பார்சிப் பெண் என ஒவ்வொருத்தியும் தன் ஊர் உடையிலேயே வீற்றிருக்கிறாள். எவரும் எவரையும் பார்த்து நகைக்கவில்லை.

அந்தப் படத்தின் பிரதியைப் பார்க்கும்போதெல்லாம், பன்னிரண்டாவதாக ஓர் இடம் ஒதுக்கி, பின்கொசுவச் சேலையுடன் என் பாட்டியை அங்கே அமர்த்திப் பார்க்கிறேன். அவர் அங்கே பொருந்தியே இருக்கிறார்.