கேட்டுச் செய்த அம்மையார்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டதும், எனக்கு அந்த நாளைய நாட்டு நலப்பணித் திட்ட முகாம்தான் ஞாபகம் வந்தது. பத்து நாள் ஒரு கிராமத்தில் தங்கி நூறு மரக்கன்று நட்டோம். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. குடிதண்ணீருக்கே இரண்டு மைல் நடக்கிற ஊருங்க அது. நடுவதற்கு முன்னால் அந்த ஊர்க்காரங்களை நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வெட்கத்தோடு நூலகத்தில் தேடியபோதுதான் ஜேன் ஆடம்ஸ் அம்மையாரைப் பற்றிப் படித்தேன்.

1860 செப்டம்பர் 6-ஆம் தேதி அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து சீடர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். இரண்டு வயதில் தாயை இழந்தார். 1881-இல் படிப்பை முடித்த கையோடு தந்தையும் காலமானார். மருத்துவம் படிக்கச் சேர்ந்து, முதுகெலும்புக் கோளாறால் பாதியில் விட்டார். படிப்பு இருக்கு, வசதி இருக்கு, என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. இப்படியே பல வருஷம் ஓடிப்போச்சு. இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு இது புரியும்.

1888-இல் லண்டனில் டாயின்பீ ஹால் என்ற இல்லத்தைப் பார்த்தார். படித்த இளைஞர்கள் ஏழைகளின் தெருவிலேயே குடியிருந்து சேவை செய்த இடம் அது. ஊர் திரும்பியதும், 1889 செப்டம்பர் 18 அன்று, தோழி எல்லன் ஸ்டாருடன் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடியேறினார். அதுதான் ஹல் ஹவுஸ். சுற்றிலும் இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள்.

அவரும் முதலில் நம்மைப்போலத்தான். நாவல் வாசிப்பு, ஓவியக் கண்காட்சி என்று ஆரம்பித்தார். சத்தான உணவு என்று பொதுச் சமையலறை வைத்தார். அக்கம்பக்கத்தாருக்கு அந்த ருசி பிடிக்கவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தச் சனங்களுக்கு என்ன வேணும்னு பார்த்தார்.

தாய்மார்கள் வேலைக்குப் போனபோது அடிபட்ட மூன்று குழந்தைகளை அந்தத் தெருவில் கண்டார். ஒன்று மாடி ஜன்னலிலிருந்து விழுந்தது. இன்னொன்று தீக்காயம் பட்டது. மூன்றாவது, மூன்று வருஷம் பகலெல்லாம் மேசைக்காலில் கட்டிவைக்கப்பட்டு முதுகு வளைந்துபோனது. ஹல் ஹவுஸில் குழந்தைகள் காப்பகம் நடந்ததன் அவசியம் இதுதான்.

முதல் கிறிஸ்துமஸுக்குச் சிறுமிகளுக்கு மிட்டாய் கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டார்கள். மிட்டாய்த் தொழிற்சாலையில் ஆறு வாரமாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது வரை உழைத்த பிள்ளைகள், அதைக் கண்ணாலேயே பார்க்கப் பிடிக்கவில்லை. அம்மையாரும் தோழியரும் போராடி, 14 வயதுக்குக் குறைந்தவர்களைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாதென்ற மாநிலச் சட்டம் 1893-இல் வந்தது. சிறுவர்களுக்கான நாட்டின் முதல் தனி நீதிமன்றம் 1899-இல் சிகாகோவில் ஏற்பட்டதிலும் அவர்களுக்குப் பங்குண்டு.

தெருவில் குப்பை நாறியது. 1895-இல் அம்மையாரே வட்டாரக் குப்பை ஆய்வாளராகி, விடியற்காலையில் வண்டிகளின் பின்னால் போய் மேற்பார்வை பார்த்தார்!

முதல் உலகப் போரை எதிர்த்ததால் பத்திரிகைகளிடம் வசைபட்டார். 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 1935 மே 21 அன்று மறைந்தார்.

ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. 1960-களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக ஹல் ஹவுஸ் கட்டடங்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. வேறு இடங்களில் பணியைத் தொடர்ந்த சங்கம், பெரும்பாலும் அரசுப் பணத்தையே நம்பியிருந்து, 2012 ஜனவரியில் பணமின்றி மூடப்பட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் வகுப்புத் தோழர்கள் சிலர் ஒரு வாடகை அறையில் மாலைநேரப் பாடசாலை நடத்துகிறோம். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆரம்பித்தோம். இந்தத் தடவை தாய்மார்களைக் கேட்டோம். வேலை முடிந்து எட்டு மணிக்குத்தான் வருகிறோம், அதுவரை பிள்ளைகள் பத்திரமாக இருக்க வெளிச்சமுள்ள இடம் போதும் என்றார்கள். இப்போது எட்டரை வரை திறந்திருக்கிறது. இருப்பது நான்கு பேர், எல்லோருக்கும் வயதாகிவிட்டது.

நன்கொடை தந்தால் வேண்டாமென்று சொல்லமாட்டோம். ஆனால் வாரத்தில் ஒரு சாயங்காலம் நீங்களே வாங்க. மதிய விருந்தின்போது என்னைத் தேடிப் பிடித்துப் பெயர் கொடுங்கள்.